ஓர்ஃபா படல்

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமென்றால், "அவர் போன வழியில் படல் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்" என்பார்கள். திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. கனடாவின் சஸ்காட்சுவான் புல்வெளியில் சர்ச்சுக்குப் போகாதவனைக்கூட மன்னித்துவிடுவோம். அடுத்தவன் மேய்ச்சல் நிலத்துப் படலில் தன் இஷ்டத்துக்குக் கை வைத்தவனுக்கு ஊரே கூடி மாட்டுக்குச் சூடு போடும் நாளில் யாரும் காப்பி ஊற்றித் தர மாட்டோம்.

ஹால்வர் ப்ரெக்கேயைப் பற்றி அந்த நல்ல வார்த்தையை எழுபத்தைந்து வயது வரைக்கும் எல்லோரும் சொன்னார்கள். சொல்லும்போதெல்லாம் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

அவர் பிறந்த வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கு. அந்த வருஷம் வறட்சிக் காற்றில் மழைக்குப் பதிலாக மண் பெய்தது. தொட்டிலின் மேல் ஈரத் துணியைப் போர்த்தி வைத்து அவருடைய அம்மா பிள்ளையைக் காப்பாற்றினார் என்பார்கள். நார்வேயிலிருந்து வந்த அப்பா கோதுமையை நம்பினார், கோதுமை அவரைக் கைவிட்டது. பிறகு மாட்டை நம்பினார். மாடு கைவிடவில்லை, ஆனால் ஒரு நாள்கூட உட்கார விடவுமில்லை. எட்டாம் வகுப்போடு ஹால்வரின் படிப்பு முடிந்தது. பதினாறு வயதில் நூறு மாட்டை ஒற்றைக் குதிரையில் ஓட்டுகிற ஆளாகிவிட்டார்.

இருபத்திரண்டு வயதில் வலது கட்டைவிரல் போனது. சூடு போடும் நாளில் கன்றின் காலில் சுருக்குக் கயிற்றை வீசி, மறுமுனையைக் குதிரைச் சேணத்தின் முன்கொம்பில் சுற்றும்போது, விரல் நடுவில் மாட்டிக்கொண்டது. ஏகலைவனிடமாவது துரோணர் வாய்விட்டுக் கேட்டார். இவரிடம் இருநூறு ராத்தல் கன்று ஒன்று கேட்காமலே வாங்கிக்கொண்டு போய்விட்டது. பக்கத்துப் பண்ணை வில்ஃப் காலண்டர்தான் அவரை வண்டியில் அள்ளிப்போட்டு நாற்பது மைல் தள்ளியிருந்த டாக்டரிடம் கொண்டுபோனார். வில்ஃபுக்கு இவரைவிடப் பதினோரு வயது அதிகம். சாகிறவனையும் சிரிக்க வைக்கிற வாய்.

"விரலத் தேடிப் பாத்தேன்ப்பா. எங்க நாய் முந்திக்கிச்சு. ஆனா மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுதான் தின்னுச்சு."

எங்கள் படல்கள் ஒன்றும் பெரிய வேலைப்பாடு இல்லை. நாலைந்து கம்பு, குறுக்கே முள்கம்பி. கடைசிக் கம்பைத் தோளால் கம்பத்தோடு அணைத்து, மேலே ஒரு கம்பி வளையத்தை இழுத்து மாட்ட வேண்டும். அதற்குக் கட்டைவிரல் வேண்டும். ஹால்வருக்கு வளையம் ஏறாது. அதனால் வைக்கோல் கட்டுகிற சணல் கயிற்றை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை அடியில் செருகி, பல்லால் இழுத்து இறுக்குவார். தம் வீட்டுப் படல் எல்லாவற்றுக்கும் அதே கட்டு. கத்தி இல்லாமல் அவிழ்க்க முடியாது.

வில்ஃப் அலுத்துக்கொள்வார். "உன் வீட்டுப் படலத் திறக்கணும்னா வக்கீல் வெச்சுத்தான் திறக்கணும்போல."

இருபத்தேழில் ராக்னாவைக் கட்டினார். முப்பதாவது வயதில் அந்த மார்ச் மாதம் வந்தது.

அறுபத்து நான்கு. மார்ச் நடுவிலேயே வெயில் அடித்துக் கூரைப் பனி சொட்டிக்கொண்டிருந்தது. ராக்னாவுக்கு நிறைமாதம். ஹால்வர் டவுனுக்குப் போய் மாட்டு உப்பும் மருந்தும் வாங்கிக்கொண்டு குறுக்கு வழியில் திரும்பினார். குறுக்கு வழி என்பது வில்ஃப் நிலத்தின் ஊடாகப் போகிற தடம். இரண்டு குடும்பத்தைத் தவிர வேறு யாரும் அதில் போவதில்லை. அந்த நிலத்தின் தெற்கு வேலியில் ஒரு படல் உண்டு. அதைத் தாண்டினால் ஓடைப் பள்ளம், வில்லோ புதர்கள். அன்றைக்குப் படல் விரியத் திறந்து கிடந்தது. வில்ஃபின் சினைப் பசுக்கள் அதை நோக்கி மெதுவாக மேய்ந்து வந்துகொண்டிருந்தன.

ஹால்வர் ஓடையைப் பார்த்தார். வெயிலில் பனிக்கட்டி கறுத்து, ஓரத்தில் தண்ணீர் நின்றது. மாடு கால் வைத்தால் உடைந்து உள்ளே போய்விடும். வில்ஃபோ தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று ரெஜைனா நகரத்துக்குப் போயிருந்தார். மறந்துபோய்த் திறந்து விட்டுவிட்டார்போல என்று ஹால்வர் நினைத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, கடைசித் தடவையாக, அடுத்தவர் படலை இருந்தபடி விடாமல் மூடினார். கயிறு எடுத்து மூன்று சுற்று, அடியில் செருகல், பல்லால் ஓர் இழுப்பு. நல்ல காரியம் செய்த நினைப்போடு சீட்டியடித்துக்கொண்டு வண்டியேறினார். வீட்டுக்குப் போய் ஓர்ஃபாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டார். ஓர்ஃபா வில்ஃபின் மனைவி.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதுதான்.

வீட்டில் ராக்னா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்க போய்த் தொலைஞ்ச? வலி எடுத்து மூணு மணி நேரமாச்சு." அதன் பிறகு ஹால்வருக்குப் படலும் ஞாபகமில்லை, போனும் ஞாபகமில்லை. மருத்துவச்சியை அழைத்து வந்தார். சாயங்காலம் வடமேற்கில் வானம் ஈயமாய்க் கறுத்தது. இருட்டுவதற்குள் பனிப்புயல் இறங்கி, முன் கதவிலிருந்து தொழுவம் தெரியாமல் போனது. மறுநாள் காலை, புயல் உச்சத்தில் இருக்கும்போது, மகள் லினெட் பிறந்தாள். அவளைக் கையில் வாங்கிய அந்த நிமிஷத்தில்தான் அவருக்குப் படல் ஞாபகம் வந்தது. போனை எடுத்தார். கம்பி அறுந்து கிடந்தது.

புயலில் மாடு காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நகர்ந்துகொண்டே போகும். வில்ஃபின் மாடுகளுக்கு வருஷா வருஷம் பழகிய இடம் அந்த ஓடைப் பள்ளம். காற்று ஏறாது, புதர் மறைப்பு உண்டு. வெயிலையும் மீறிப் புயல் வாடையை மோந்து பிடித்த யாரோ, அதற்காகத்தான் படலைத் திறந்து வைத்திருந்தார்கள். மாடுகள் வந்தன. படல் மூடியிருந்தது. ஒன்றன்மேல் ஒன்று நெருக்கி நின்றன. மூக்கில் பனி உறைந்து மூச்சு முட்டியது. எல்லாம் சேர்ந்து முட்டியும் படல் விடவில்லை. அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தார் மனுஷன்.

முப்பத்தெட்டுப் பசுக்கள். வயிற்றிலிருந்த கன்றுகளை யாரும் எண்ணவில்லை.

நான்காம் நாள் வழி திறந்ததும் ஹால்வர் ஓடினார். ஊரிலிருந்து திரும்பியிருந்த வில்ஃப் அவருக்கு முன்னால் அங்கே நின்றார். படல் தரையில் கிடந்தது. கயிறு எதுவும் கண்ணில் படவில்லை. ஹால்வர் வாயைத் திறந்தார். வில்ஃப் அவர் முகத்தைப் பார்க்காமல், "பொண்ணு பொறந்திருக்காமே. நல்லது. அந்தக் காலப் பிடி, இத இழுப்போம்" என்றார். ஹால்வர் காலைப் பிடித்தார். ஐந்து நாள் இருவரும் சேர்ந்து இழுத்தார்கள், தோலுரித்தார்கள். படலைப் பற்றி இருவரும் வாய் திறக்கவே இல்லை.

அடுத்த வாரம் கூட்டுறவுக் கடையில் அடுப்பைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஹால்வர் பாலாடைக்கட்டிக்காக நின்றுகொண்டிருந்தார். ஒருவர் ஆரம்பித்தார்.

"படல் தானா மூடிக்காது. எவனோ மூடியிருக்கான். அந்தப் பக்கம் போறவன் யாரு?"

கேட்டவர் ஹால்வர் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆனால் பதில் ஒன்றுதான் இருந்தது, எல்லோருக்கும் தெரியும். அப்போது சர்க்கரை மூட்டைக்குப் பக்கத்திலிருந்து ஓர்ஃபா பேசினார். உயரமான மனுஷி, குரலும் அப்படித்தான்.

"நான்தான் மூடினேன். மத்தியானம் அந்தப் பக்கம் போனேன், ஓடையில பனிக்கட்டி கரையுதேன்னு மூடிட்டேன். புத்தி இல்ல. போதுமா? இன்னும் ஏதாச்சும் தெரியணுமா?"

யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. கட்டிய பெண்டாட்டி செய்த தப்புக்கு வெளியாள் என்ன பேசுவது. கொஞ்ச நாளில் அது கேலியாக மாறியது. அந்தப் படலுக்கு ஓர்ஃபா படல் என்றே பேர் விழுந்தது. வழி கேட்கிறவர்களுக்குக்கூட, "ஓர்ஃபா படலத் தாண்டி இடது பக்கம்" என்று சொல்லுவோம். பனித்தரையில் கல் தள்ளி ஆடும் கர்லிங் ஆட்டத்தில் ஓர்ஃபா கல்லைத் தவற விட்டால், "படல மூடிட்டியா ஓர்ஃபா?" என்று கத்துவார்கள். அந்த அம்மாள் கையை ஆட்டிச் சிரிப்பார்.

ஹால்வர் என்ன நினைத்தார்? பாவம், அந்த அம்மாள் திறந்தோமா மூடினோமா என்று குழம்பி, தான்தான் மூடியதாக உண்மையிலேயே நம்பிவிட்டார் என்று நினைத்தார். தம் பாவத்தை இன்னொருத்தர் சுமக்கிறார், அதுவும் தெரியாமல் சுமக்கிறார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுப்பார். நாளைக்கு வேறு வேலை வரும். ஒரு வாரம் தள்ளியது ஒரு வருஷமானது. ஒரு வருஷம் கழித்துச் சொன்னால், "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை" என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டுமே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு, நாளாக ஆகச் சோறுதான் அதிகம் தேவைப்படுகிறது.

வாய்க்குப் பதிலாகக் கையால் செய்தார். அந்த வசந்தத்திலேயே பன்னிரண்டு கிடேரிகளை ஓட்டிக்கொண்டுபோய், "எங்கிட்ட புல்லு பத்தாது, கொஞ்ச நாள் வெச்சிரு" என்று வில்ஃபிடம் விட்டார். திரும்பக் கேட்கவே இல்லை. வறட்சியில் வைக்கோல் கொண்டுபோனார். வில்ஃபுக்கு முழங்கால் போன வருஷம் இரண்டு பண்ணைக்கும் சேர்த்துத் தாமே அறுத்தார். மாட்டு நோய் வந்து அமெரிக்க எல்லை மூடி, கறவை நின்ற கிழட்டுப் பசுவை இலவசமாகக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்ள ஆளில்லாத காலத்தில்கூட, கிறிஸ்துமஸுக்கு அரை மாட்டிறைச்சி ஓர்ஃபா வீட்டுக்குப் போனது. படல் விஷயத்தில் அவர் பிடிவாதம் ஊருக்கே வேடிக்கை. போகிறபோது ஒருமுறை, வருகிறபோது ஒருமுறை இறங்கி, கம்பி வளையம் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். "ஹால்வரோட வண்டில போனா ரெண்டு வேளைச் சாப்பாடு கட்டிக்கிட்டுப் போகணும்" என்பார்கள்.

இதற்கெல்லாம் விலை கொடுத்தது லினெட். அவள் பிறந்த நாளும் மாடுகள் செத்த நாளும் ஒன்று. வருஷா வருஷம் அன்றைக்குக் காலையில் ஹால்வர் சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போய்விடுவார். மார்ச்சில் தரை உறைந்து கல்லாய் இறுகியிருக்கும், கம்பம் நட முடியாது, எல்லோருக்கும் தெரியும். இருட்டிய பிறகுதான் வருவார். கேக்கில் ஒரு துண்டு மூடி வைத்திருப்பார்கள். தொட மாட்டார்.

"மக பொறந்த நாளுக்கு மட்டும் உனக்கு எங்கேருந்துதான் வேலை வருதோ" என்று ராக்னா திட்டித் திட்டி ஓய்ந்தார். லினெட் எதுவும் கேட்கவில்லை. குதிரை ஏறினாள், கயிறு வீசினாள், விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டுத் திரும்பிவந்து பண்ணையை எடுத்து நடத்தினாள். அப்பாவுக்கு எந்த மகனும் அதைவிட நன்றாக நடத்தியிருக்க முடியாது. ஆனால் பிறந்த நாளைக்கு அப்பாவின் நாற்காலியை மேஜையிலிருந்து அவளே தள்ளி வைத்துவிடுவாள்.

இரண்டாயிரத்து எட்டு இலையுதிர் காலத்தில் வில்ஃப் போய்ச் சேர்ந்தார். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் ஹால்வர் கட்டில் ஓரத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார், சொல்லிவிட வேண்டும் என்றுதான். வில்ஃப் பேசியதெல்லாம் அந்த நாய் கட்டைவிரலைத் தின்ற கதை. அடக்கம் முடிந்து வந்ததும் ஹால்வர் தொழுவத்தில் தனியாக நின்று அழுதார். இனி மிச்சம் ஓர்ஃபா ஒருவர்தான். அவருக்கும் எண்பத்திரண்டு. மார்ச் கடைசியில் டவுனில் முதியோர் குடியிருப்புக்குப் போவதாக முடிவாகியிருந்தது.

அந்த மார்ச்சில், லினெட்டுக்கு நாற்பத்தைந்து முடிகிற காலையில், ஹால்வர் வழக்கம்போலச் சுத்தியலை எடுக்கும்போது போன் அடித்தது. ஓர்ஃபா.

"கடைசி இருபது மாடு வடக்கு நெலத்துல நிக்குது. நாளைக்கு லாரி வருது. பள்ளத்துப் பக்கம் இறக்கி விடணும். நீ வர்றியா, இல்ல நானே குதிரை ஏறட்டுமா?"

எண்பத்திரண்டு வயதில் அந்த மனுஷி ஏறினாலும் ஏறுவார். ஹால்வர் பிக்கப்பை எடுத்தார்.

தடத்தில் போகும்போது ஓர்ஃபா பக்கத்தில் உட்கார்ந்து சளசளவென்று பேசிக்கொண்டே வந்தார். அந்தக் குடியிருப்பில் ஆறு மணிக்கே ராத்திரிச் சாப்பாடு போடுவார்களாம், பல் இருக்கிறவர்களுக்கும் கஞ்சிதானாம். ஹால்வர் காதில் எதுவும் ஏறவில்லை. ஓர்ஃபா படல் வந்தது. விரியத் திறந்து கிடந்தது. அவர் வண்டியை நிறுத்தினார்.

"என்ன நிறுத்திட்ட? திறந்துதானே கெடக்கு, போ."

ஹால்வர் ஸ்டீயரிங்கை விடவில்லை. "ஓர்ஃபா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அறுபத்து நாலுல இந்தப் படல நீங்க மூடல. நான்தான் மூடினேன். டவுன்லேருந்து வந்தேன். ஓடைப் பனிக்கட்டி கறுத்திருந்துச்சு, மாடு உள்ள போயிருமேன்னு மூடினேன். போன் பண்ணணும்னு நினைச்சேன், ராக்னாவுக்கு வலி எடுத்துருச்சு. அப்புறம் கடையில நீங்க எந்திரிச்சு நான்தான்னு சொன்னீங்க. நான் பாலாடைக்கட்டிய வாங்கிக்கிட்டு வாய மூடிக்கிட்டு வந்துட்டேன். நாப்பத்தஞ்சு வருஷம்."

ஓர்ஃபா கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒருவழியா வாயத் திறந்துட்ட. வில்ஃப்தான் இருந்து கேக்காம போய்ட்டான்."

ஹால்வர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன முழிக்கிற? மூணு சுத்து சுத்தி, அடியில செருகி, பல்லால இழுத்த கட்டு. பல்லுப் பதிஞ்ச தடம்கூட இருந்துச்சு. இந்த ஜில்லாவுலயே அப்படிக் கட்டுறவன் ஒருத்தன்தான். வில்ஃப் வந்ததும் மொத வேலையா கத்தியால அறுத்துப் பையில போட்டுக்கிட்டான், மத்தவங்க வர்றதுக்குள்ள. அன்னைக்கு மத்தியானம் அந்தப் படலத் திறந்து வெச்சதே நான்தான். எனக்குத் தெரியாதா யாரு மூடினதுன்னு? பூனை கண்ண மூடிக்கிட்டா ஊரே இருண்டு போச்சுன்னு நினைக்குமாம்."

"தெரிஞ்சா கடையில ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? அத்தன பேரும் உன் பேரச் சொல்றதுக்கு வாயத் தயாரா வெச்சிருந்தாங்க. நீ வெள்ளையடிச்ச சுவரு மாதிரி நின்ன. வீட்டுல பச்ச உடம்புக்காரி, பத்து நாள் குழந்த. அன்னைக்கு உன் பேரு வெளிய வந்திருந்தா, சூடு போட வர ஆள் இருக்குமா? கஷ்டத்துல கை குடுக்க ஆள் இருக்குமா? ரெண்டே வருஷத்துல வித்துட்டுப் போயிருப்ப. என்னைய என்ன செய்வாங்க? சிரிப்பாங்க. சிரிச்சாங்க. சிரிச்சா தோலா உரிஞ்சிரும்?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"வில்ஃப் வேணாம்னுட்டான். அவனே வருவான், கோடை வரைக்கும் பாப்போம்னான். நீ வந்த, பன்னெண்டு கிடேரியோட. வாய் மட்டும் வரல. அடுத்த வருஷம் வைக்கோலோட வந்த. அப்புறம் வில்ஃப் சொன்னான், அவனக் கேட்டுத் தொலைக்காத, சொல்லிட்டான்னா கிறிஸ்துமஸ் இறைச்சி நின்னுரும்."

ஹால்வருக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டும் ஒரே மூக்கு வழியாக வந்தன. ஓர்ஃபா கைக்குட்டையை நீட்டினார். நெஞ்சுக்குள் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போய்விட்டதை அவர் உணர்ந்தார். மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது.

"இன்னைக்கு என்ன தேதி?" என்றார் ஓர்ஃபா திடீரென்று.

அவர் சொன்னார்.

"லினெட்டோட பொறந்த நாளு. நீ இங்க என் மாட்டப் பத்திக்கிட்டு நிக்கிற." ஓர்ஃபாவின் குரல் இப்போதுதான் கடுமையானது. "வருஷா வருஷம் நீ வேலிப் பக்கம் ஓடிப்போறதா ராக்னா சொல்லி அழுதிருக்கா. வேலைன்னு நினைச்சேன். இதுக்காகவா போன? அடப் பாவி. அந்தக் குழந்த நல்லபடியா வளரணும்னுதானே நான் ஊரு முன்னாடி அப்படி ஒரு பொய்யச் சொன்னேன். நீ அவ பொறந்த நாள எழவு நாளா ஆக்கி வெச்சிருக்க. மாடு அப்புறம் பாத்துக்கலாம். வண்டியத் திருப்பு."

ஹால்வர் திருப்பினார். படல் திறந்தே கிடந்தது. நாற்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவர் அதை இறங்கிப் பார்க்கவில்லை.

வீட்டில் லினெட் மேஜையைச் சுற்றி நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் நாற்காலி வழக்கம்போலச் சுவர் ஓரம். பகல் வெளிச்சத்தில் அவர் உள்ளே வந்ததைப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள். ராக்னா கரண்டியோடு அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகல. உக்காரு" என்றார் ஓர்ஃபா. பிறகு ஹால்வரை முதுகில் தள்ளினார். "நான் சுமந்தது போதும். இத நீயே சொல்லு."

ஹால்வர் தொப்பியைக் கழற்றாமல், நின்றபடியே சொன்னார். படல், கயிறு, புயல், பிறந்த குழந்தையைக் கையில் வாங்கியபோது வந்த ஞாபகம், எல்லாவற்றையும். எங்கும் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. ராக்னா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

லினெட் மேஜைமேலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"இவ்வளவுதானா?" என்றாள் கடைசியில். "நான் பொண்ணாப் பொறந்ததுதான் உனக்குப் பிடிக்கலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்ப்பா. ஸ்கூல்ல படிக்கும்போதிருந்து. அதுக்காகத்தான் அந்தப் பாழாப்போன கயிறு வீசவே கத்துக்கிட்டேன்."

ஹால்வர் பதறிப்போனார். "ஐயோ, இல்லம்மா. உன்னப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாடுங்கதான்... உன்னால இல்லம்மா. ஒருநாளும் உன்னால இல்ல."

லினெட் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரோரம் போனாள். நாற்காலியை இழுத்து வந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். சஸ்கட்டூன் பழம் வைத்த கேக்கில் பெரிய துண்டாக வெட்டித் தட்டில் வைத்து அப்பாவின் முன்னால் தள்ளினாள். ஹால்வர் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். கட்டைவிரல் இல்லாத கையால் முள்கரண்டியைப் பிடித்து, ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்காமல் தின்று முடித்தார். பிறகு தட்டை மகளிடம் மறுபடியும் நீட்டினார்.